மூன்றாவது கூலியாள்

நெடுந்தீவு மேற்கு,
14.09.2025.

மகள் யூலியட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிறோம், வலது தோள்மூட்டைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கடிதம் என்றால் மற்றவர் சுகத்தையும் கேட்க வேண்டும், ஆகவே உன் சுகத்தையும் மருமகன் நிசாந்தனின் சுகத்தையும் கேட்கிறேன். அதற்கு மேல் இன்றைக்கு என்னிடம் அன்பு எதிர்பார்க்காதே. போனில் பேசலாம்தானே என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் வாயை மூடிவிடுவேன், அப்படி மூடி மூடித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசி.

செவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. நான் கொழும்பில் உன் அலுமாரிக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டு நின்ற நாளில்தான் போட்டது, பக்கத்து வளவு உதயன் நின்று பார்த்திருக்கிறான், உறவுமுறை என்று சொல்லவும் ஏலாத அவனுக்கு இருந்த அக்கறையை நினைத்துக்கொண்டேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. போன கிழமை நீ அவளோடு இருபது நிமிசம் பேசினாய், அந்த இருபது நிமிசத்தில் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, முழுக்க என்மேல் சொன்ன குற்றம்தான். நீ சொன்ன கதையில், அப்பா ஆட்களுக்கு முன்னால் காசு கேட்டு உன்னை அவமானப்படுத்தினார் என்பது மட்டும் இருக்கிறது. அதற்கு முன் நடந்தது ஒன்றும் இல்லை. ஆகவே முதலில் இருந்து எழுதுகிறேன், எழுத எழுத அம்மாவுக்கு வாசித்தும் காட்டுகிறேன்.

யூலை மாதம் வங்கியில் உனக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தவுடன் நீ எனக்குத்தான் போன் எடுத்தாய். "அப்பா, உங்களுக்குத்தான் உதெல்லாம் தெரியும், ஒரு திட்டம் போட்டுத் தாங்கோ" என்றாய். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. முப்பத்தொரு வருசம் சங்கக்கடையில் வள்ளத்துச் சாமானை ஏற்றி இறக்கிக் கணக்கு எழுதினவனுக்கு மகள் ஒரு வேலை தந்தாள் என்று புதுக் கொப்பி வாங்கி எழுதினேன். கொட்டாஞ்சேனை வீடு மூன்றாம் மாடி, லிப்ற் இல்லை, ஆகவே நான்கு ஆட்கள். பௌர்ணமிப் போயா லீவோடு சேர்ந்தால் லொறிக்காரர் கூடக் கேட்பார்கள், ஆகவே செவ்வாய்க்கிழமை. லொறி எண்பதாயிரம், ஆளுக்கு ஆறாயிரப்படி கூலி இருபத்துநாலாயிரம், பெட்டிக்கும் கயிற்றுக்கும் ஐயாயிரம், வழிச்சாப்பாடு ஐயாயிரம், உடைவுக்கு ஐந்து வீதம். பில் காட்டினால் வங்கி ஒரு இலட்சத்து இருபதாயிரம் வரைக்கும் தரும் என்று நீ சொன்னாய், நான் முந்நூறு ரூபா மிச்சம் வரப் போட்டுத் தந்தேன். பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பிவர முதல் புது வீட்டுக்காரருக்கு ஆறு மாத வாடகை கட்டவேண்டி வரும், அந்த இடைவெளிக்குக் கைக்காசு வைத்திரு என்றும் சொன்னேன். நீங்கள் வைக்கவில்லை. நிசாந்தன் அந்தப் பணத்தில் புதுத் தொலைக்காட்சி வாங்கியிருந்தார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் என் திட்டத்தில் கை வைத்தீர்கள், ஆனால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் உன் வீட்டில் நின்று கட்டினேன். குசினிப் பாத்திரம் ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றினேன், கட்டிலைக் கழற்றி ஆணியெல்லாம் ஒரு போத்தலில் போட்டுப் பெயர் ஒட்டினேன். செவ்வாய் விடிய லொறி வந்தது, ஆட்கள் இரண்டு பேர்தான் இறங்கினார்கள். மற்ற ஆட்கள் எங்கே என்று கேட்டதற்கு நிசாந்தன் சிரித்துக்கொண்டு "நீங்கள் நிக்கிறீங்கள்தானே மாமா" என்றார். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. அறுபத்தேழு வயதில் உன் பிரிஜை அந்த இரண்டு பேரோடு சேர்ந்து மூன்று மாடி இறக்கினேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் தோள் பிசகியது, அப்போதும் நான் பிரிஜை விடவில்லை, விட்டிருந்தால் கீழே நின்றவனில் விழுந்திருக்கும். பிறகு நீங்கள் போக இருந்த வான் வண்டியில் ஏறப் போனேன், உன் மாமனும் மாமியும் புது வீடு பார்க்க வந்திருந்தார்கள், எனக்கு இடம் இல்லை. "அப்பா, லொறியிலை முன்னுக்கு இருந்து வாங்கோ, சாமானுக்கும் காவல்" என்றாய். சரி என்று ஏறினேன். அதையும் நான் மனதில் வைக்கவில்லை. பிள்ளை பதட்டத்தில் நிற்கிறாள் என்றுதான் வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். தோளைப் பார்த்துச் சாரதி ஹபரணையில் நிற்பாட்டிக் கடையில் ஐஸ் வாங்கித் தந்தான். அவன் எனக்கு உறவும் இல்லை, என் பாசையும் இல்லை.

பின்னேரம் திருகோணமலையில் எல்லாம் இறக்கி முடிந்தபிறகு வீட்டுக்காரி ஞானசவுந்தரி ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார். உள்ளே இருந்தவர்களுக்குப் பீங்கான் கோப்பையில், விறாந்தைப் படியில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் பிளாஸ்ரிக் கப்பில். அவரில் குற்றம் இல்லை, என்னைத் தெரியாது. நான் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து அவர் உன்னிடம் கேட்டார், "பிள்ளை, இந்த வயசுபோன மனுசனையோ பாரம் தூக்க வைச்சனீங்கள்?" என்று. நீ திரைச்சீலைப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு, நிமிராமல் சொன்னாய், "அவருக்கு உது பழக்கம், ரீச்சர்." அவ்வளவுதான் சொன்னாய். அப்பா என்று சொல்ல அந்த இடத்தில் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கப்பை அந்தப் பெடியளின் கப்போடு சேர்த்து வைத்தேன்.

அப்போதுதான் நிசாந்தன் மூன்று வவுச்சர் கொண்டுவந்தார். மற்ற இருவருக்கும் காசைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு மூன்றாவதை என்னிடம் நீட்டி, "மாமா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, பாங்குக்கு மூண்டு பேரின்ர கூலிக்கணக்கு வேணும்" என்றார். வாசித்துப் பார்த்தேன். சாமான் ஏற்றி இறக்கிய கூலி ரூபா ஆறாயிரம் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. "காசு எங்க தம்பி?" என்று கேட்டேன். "அது சும்மா கணக்குக்குத்தான் மாமா" என்றார். "கணக்கிலை சும்மா எண்டு ஒண்டும் இல்லை. பெற்றுக்கொண்டேன் எண்டு எழுதியிருக்கு, பெற்றுக்கொண்டால்தான் கையெழுத்து" என்றேன். மாமா என்ற சொல்லைக் கேட்டு ரீச்சர் உன்னைப் பார்த்தார். உன் மாமி மின்விசிறியைப் பார்த்தார். நீ ஓடிவந்து, "அப்பா, ஆக்களுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்காதேங்கோ" என்றாய். அந்தப் புது வீட்டில் ஆட்களுக்கு முன்னால் நீ என்னை அப்பா என்று கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நிசாந்தன் எண்ணித் தந்தார், நானும் எண்ணிப் பார்த்தேன், பிறகு வ. அருளப்பு, நெடுந்தீவு மேற்கு என்று தெளிவாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன், ஒருவரும் பின்னால் வரவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தோளுக்குக் கட்டுப் போட்டதுக்கும் போக மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தேன். என்ன காசு என்று கேட்டாள், உன் மகள் தந்த கூலி என்றேன், அவள் அதை வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாள்.

இனி நீ கேட்ட கடிதத்துக்கு வருகிறேன். உன் பெயருக்கு முன்னால் இருக்கும் பெயரும் கூலியாளின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, ஊரும் ஒன்றாக இருக்கிறது என்று வங்கியில் கண்டுபிடித்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டாம் திகதிக்குள் பதில் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் விசாரணையாம். அதற்கு நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், அந்தக் கூலியாள் நான் இல்லை, அதே பெயரில் வேறு ஆள் என்று அப்பாவிடம் எழுதி வாங்கி அனுப்புங்கோ என்று. இங்கே மேற்கில் இருந்த மற்ற அருளப்பு செத்துப் பதினாறு வருசம். அவரைப் புதைகுழியிலிருந்து எழுப்பி உன் பிரிஜைத் தூக்க வைக்கவோ? அல்லது உன்னைப் பெற்றவன் நான் இல்லை என்றே எழுதித் தரவோ? அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளையின் வேலை போனால் என்ன செய்வது, எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. உன் வேலைக்காக இந்த வளவில் எத்தனை மாடு விற்றது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கடிதம் எழுத மாட்டேன். எழுதினால் அதுதான் உன்னை அழிக்கும். இருந்து யோசித்துப் பார். நான் பாரம் தூக்கினேன், அது உண்மை. ஆறாயிரம் வாங்கினேன், அது உண்மை. என் பெயரில் கையெழுத்து வைத்தேன், அதுவும் உண்மை. நிசாந்தன் சொன்னபடி காசு வாங்காமல் கையெழுத்து வைத்திருந்தால் அது கள்ள வவுச்சர், இன்றைக்கு நீ வேலை போய் வீட்டில் இருப்பாய். நீ எதை அவமானம் என்று சொல்லி அழுகிறாயோ அது ஒன்றுதான் உன் பக்கத்தில் சரியாக இருக்கிறது. தகப்பனுக்குக் கூலி கொடுக்கக்கூடாது என்று வங்கியில் சட்டம் இருந்தால் ஆறாயிரத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், கட்டு. பொய்க்குத்தான் வேலை போகும்.

இதற்குள் இன்னொரு கடிதம் இருக்கிறது, மனேச்சருக்கு எழுதியது. நான் யூலியட்டின் தகப்பன், அன்று சாமான் தூக்கியவன் நானே, கூலியை மருமகன் கையிலிருந்து எண்ணி வாங்கினேன் என்று எழுதி அடையாள அட்டைப் பிரதியும் வைத்திருக்கிறேன். நேரே வங்கிக்கு அனுப்பியிருக்கலாம், முத்திரையும் கையில் இருந்தது. அனுப்பவில்லை. நீயே கொண்டுபோய், இது என் அப்பா, இவர்தான் தூக்கினவர் என்று உன் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்ல ஏலாது என்றால் கிழித்துப் போடு. வேறு கடிதம் என்னிடமிருந்து வராது, நானும் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

உனக்கும் நிசாந்தனுக்கும் ஆண்டவர் சுகத்தையும் நேர்மையையும் தரட்டும், முதலில் நேர்மையை. கொட்டாஞ்சேனை வீட்டின் கடைசிக் கரண்ட் பில்லைக் கட்டி, துண்டைக் காட்டி, அட்வான்ஸை இந்த மாதத்துக்குள் வாங்கிப்போடு, பிந்தினால் அந்த மனிசன் தர மாட்டான். உதயன் நாளைக்கு முதல் வள்ளத்தில் யாழ்ப்பாணம் போகிறான், இதைப் பதிவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். பதினெட்டாம் திகதிக்குள் கிடைக்காவிட்டால் தபால் கந்தோரில் போய் விசாரி. அம்மா உனக்குத் தனியாக ஏதோ எழுத வேண்டும் என்று பேனையைக் கேட்டாள், கொடுத்தேன், இவ்வளவு நேரமும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, ரீச்சருக்கு அப்பா ஆர் எண்டு முதல் சொல்லச் சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லிப் பேனையைத் திருப்பித் தந்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
வஸ்தியாம்பிள்ளை அருளப்பு.