ஓட்டை இல்லை என்றாய்

பேத்தி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். இன்று காலை ஒரு வினாவை உரக்கப் படித்தாள்: “கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது?” குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கேள்வி உன் குரலில்தான் எனக்குக் கேட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. குமாஸ்தா பரீட்சைக்காக மண்டபத்தூரிலிருந்து நாம் இருவரும் காரைக்காலுக்கு நடந்து போய், பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு படிப்போம். ‘கடைத்தெருவில் விளக்குப் போட்டபின் திருட்டுக் குறைந்தது, எனவே விளக்கே காரணம்’ என்று ஒரு வாதம். அதை எப்படித் தளர்த்துவது என்று தெரியாமல் நான் விழித்தேன். நீ சிரித்தாய்.

“முடிவோட சண்டை போடாதடா. காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவுல எங்க ஓட்டைன்னு பாரு. அதே மாசம் திருடன் ஜெயிலுக்குப் போயிருந்தா?”

அந்த ஐப்பசியில் என் அண்ணன் கடலில் போனார். தான் வேலை பார்த்த முதலாளியின் படகில் தனியாகப் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. படகு மட்டும் தெற்கே பட்டினச்சேரிக் கரையில் ஒதுங்கியது, அடிப்பலகை உடைந்து. உடைந்த இடத்தைத் தொட்டால் மரம் மாவாக உதிர்ந்தது. முதலாளியோ, அண்ணனுக்குப் படகு ஓட்டத் தெரியவில்லை என்றார். ஊர்ப் பஞ்சாயத்து கூடுவதற்கு முதல் நாள் மாலை, இற்றுப்போன பலகை கடலில் உடைந்ததால்தான் அண்ணன் போனார் என்று நான் பேசப்போவதையெல்லாம் உன்னிடம் சொல்லிக் காட்டினேன்.

“எங்கயாவது ஓட்டை இருக்கா, பாரு.”

“எங்கயும் இல்லடா. தைரியமாப் பேசு” என்றாய்.

மறுநாள் பேசினேன். முடித்ததும் முதலாளி பக்கத்திலிருந்து நீ எழுந்தாய். அப்போதும் எனக்காகத்தான் எழுகிறாய் என்று நினைத்தேன்.

“பலகை இத்துப்போனதுன்னே வச்சுக்குங்க. அது கடல்லதான் உடைஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? கரையில ஒதுங்கின பிறகு அலை தூக்கி அடிச்சு உடைஞ்சிருக்கலாமேங்க?”

பலகை மாவாக உதிர்ந்ததையே நான் மறுபடி சொன்னேன். தப்பு அண்ணன்மேல்தான் என்று முடித்தார்கள். அண்ணி என்னைத்தான் பார்த்தார். “ஒங்க கூட்டாளிதானே தம்பி அவரு?” என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்புக்குப் பிறகு பட்டினச்சேரிக்குப் போனேன். படகை முதலில் பார்த்த மீன்காரம்மா சொன்னார்: “ஒதுங்கும்போதே அடி பொளந்துதான் கெடந்துச்சு தம்பி. எங்கிட்ட யாரும் கேக்கலையே.” அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். பேசி முடித்ததை மறுபடி எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அந்த ஓட்டையை முதல் நாளே நீ காட்டியிருந்தால், அவர் பஞ்சாயத்தில் நின்றிருப்பார்.

அடுத்த மாதம் நீ முதலாளியிடம் கணக்கெழுதச் சேர்ந்தாய். அப்புறமும் உனக்காக எத்தனையோ காரணம் தேடினேன். வீட்டில் கஷ்டமோ, மிரட்டினார்களோ என்று. நீயே வந்து ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். தெருவில் எதிரே வந்தால் தலை குனிந்து போனாய், அவ்வளவுதான்.

அதிலிருந்து, மனதில் இருப்பதை முன்கூட்டி யாரிடமும் நான் சொன்னதில்லை. மகள் கல்யாணத்தைக்கூட நானே பேசி முடித்துவிட்டு வந்தேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நான் ஒங்களுக்கு யாரு?” என்று என் மனைவி அழுதாள்.

அவள் யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த முறையும் நான் கேட்கவில்லை.