நீல டப்பாவில் குட்டியின் மாவு

நர்சம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. பன்னிரண்டரைக்குக் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், அலாரம் வைத்துக்கொள்.

நீல டப்பாவில் இருப்பது அவள் விளையாடும் மாவு. உப்பும் எண்ணெயும் சேர்த்துப் புதிதாகப் பிசைந்தேன். தூக்கிப் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "நாலு வயசாச்சு, இன்னும் பென்சில் பிடிக்க வரல. மாவு உருட்டினா எல்லாம் வந்துடுமா?" உருட்டி, கிள்ளி, அழுத்தினால்தான் விரலில் பலம் ஏறும் என்று டீச்சர் சொன்னதை மட்டும் நான் சொல்லியிருக்கலாம். "வீட்ல இருந்தாத்தானே உனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன். தப்புதான். யாருக்காக ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

இன்று காலை சட்டை போட்டுவிடக் கை நீட்டினேன். "நானே போடுறேன்ப்பா" என்றாள். நாக்கைத் துருத்திக்கொண்டு நான்கு பட்டனையும் அவளே போட்டாள். உடனே, "அம்மா, இங்க வந்து பாரேன்!" என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். நானும் ஒரு நிமிடம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வரவே இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

குட்டியின் அப்பா

பட்டன் விஷயம் உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. அவளே போட்டுக் காட்டட்டும்.

இன்னொன்று. சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததுமே நீ செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறாய். இன்றைக்குப் பத்து நிமிடம் இரு. உன்னோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்து நாலு நாளாகிறது.