இரண்டாவது கோட்டிங்

செப்டம்பர் 7, ஞாயிறு

ஜீப்பின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ரப்பர் மேட்டைத் தூக்கினேன். தூக்காமலே இருந்திருக்கலாம். தரை முழுக்கத் துரு. திகா கடற்கரை உப்பு, ஹவுராவின் மழைத் தண்ணீர், புருலியாச் செம்மண் எல்லாம் அடியில் உட்கார்ந்து ஊறியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன், ஓரிடத்தில் உள்ளே போய்விட்டது.

பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது. லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் பின்தளத்தில் அடிக்கிற ஸ்ப்ரே லைனர்தான் சரி. காய்ந்தால் கெட்டி ரப்பர் மாதிரி ஆகிவிடும், துரு அண்டாது. கறுப்புக் குழம்பு ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்து, துப்பாக்கியில் மாட்டி, கம்ப்ரெஸர் காற்றில் அடிக்க வேண்டும். வெளியே கொடுத்தால் துருவைச் சுரண்டாமல் மேலேயே அடித்துத் தருவான்கள். நானே அடிக்கிறேன்.

பிப்ரவரியில் ரிடையர்மென்ட். மார்ச்சில் இந்த ஜீப்பில் லக்ஷ்மியோடு இமயமலை அடிவாரத்து டூவார்ஸ் காட்டுப் பக்கம் போகிறேன். தேதி கேட்காமல் போய், தேதி பார்க்காமல் திரும்புவது. கல்யாணமான நாளாக அவள் கேட்பது இது ஒன்றுதான். இத்தனை வருஷமும் ரயில்வே யார்டில் ஏதாவது ஒரு சரக்கு ரேக் தடம் புரண்டு என் லீவைத் தின்றது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக நாள் போயிற்று. ஓட்டைக்குப் பக்கத்துத் தெரு தாஸ்பாபு தகடு வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தார், கம்ப்ரெஸரும் தருகிறேன் என்றார்.

மாஸ்க் வந்துவிட்டது. துணி மாஸ்க் இல்லை. ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர். அந்த ஹார்டனர் புகை நுரையீரலுக்கு எமன் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறான். யார்டில் ஹெல்மெட் போடாதவனை நான் பேசுகிற பேச்சுக்கு, என் வீட்டில் நான் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தால் சிரிப்பார்கள். லக்ஷ்மி முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜீப்புக்கு இத்தனை சீர் செய்கிற மனுஷன் சமையலறைக் குழாய்க்கு ஒரு வாஷர் போடக்கூடாதா என்றாள். நியாயம். போடவில்லை.

செப்டம்பர் 17, புதன்

விஸ்வகர்மா பூஜை. யார்டில் பிரசாதமாகக் கிச்சுடி, லாப்டாக் கூட்டு. வானம் முழுக்கப் பட்டம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடிய விடிய மழை. தண்ணீர் கராஜ் வாசல்படி வரை வந்து நின்றது. ஜீப்பைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்ததால் பிழைத்தேன். கல்கத்தாவே மூழ்கிக் கிடக்கிறது, எனக்கு ஜீப்புக் கவலை. லக்ஷ்மி இதையும் சொல்லிக் காட்டினாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முதல் கோட்டிங் முடிந்தது! ஷட்டரை முழுக்கத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, முகமூடியோடு அடித்தேன். வாசனைகூட வரவில்லை. சீராக, சொரசொரப்பாக, அழகான கறுப்பு.

இரண்டாவதையும் உடனே அடித்திருக்க வேண்டும். மறுபடி மேகம் கட்டிவிட்டது. ஈரக் காற்றில் அடித்தால் லைனர் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும். இனி மேலாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. தெருக்கோடிப் பந்தலில் நவமி டாக் மேளம் அதிர, எங்கள் ஹாலில் லக்ஷ்மி புத்தகங்களை அடுக்கினாள். பக்கத்தில் என் ஸ்பேனர்கள், ஸ்ப்ரே துப்பாக்கி, முகமூடி. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சந்தனத்தில் அவளுக்குக் கஞ்சத்தனமே கிடையாது, குழைத்து அப்புவாள். இரண்டு ஃபில்டரிலும் வட்ட வட்டமாக வைத்ததும் முகமூடி வராகமூர்த்தி மாதிரி ஆகிவிட்டது. இருவரும் சிரித்தோம். போட்டோ எடுத்து மகள் அனுவுக்குப் புனே அனுப்பினேன்.

இன்றைக்கு எதையும் தொடக்கூடாது. நாளை விஜயதசமி, எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

நர்சிங் ஹோம். ஆக்ஸிஜன். எழுத முடியவில்லை

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. நடந்ததை எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

விஜயதசமி காலை. புனர்பூஜை முடிந்து, லக்ஷ்மி துப்பாக்கியையும் முகமூடியையும் என் கையில் கொடுத்தாள். “ஏன்னா, நல்ல நாளும் அதுவுமா வெறுமனே எடுத்து வெச்சுடாதீங்கோ. ஒரு கை அடிச்சுட்டு வந்துடுங்கோ.” எனக்கும் அதே எண்ணம்தான். வெளியே மழை. சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரை முழுக்க இறக்கினேன். உள்ளே ஈரத்தைப் போக்க ஹாலோஜன் விளக்கு. ஈரக் காற்றை இழுக்குமே என்று ஃபேனை நிறுத்தினேன். ஹார்டனரை ஊற்றிக் கலந்தேன். கலந்துவிட்டால் அது காத்திருக்காது, துப்பாக்கிக்குள்ளேயே கெட்டியாகிவிடும்.

அப்புறம்தான் முகமூடியைப் போட்டேன். காற்று வரவில்லை. சந்தனம் காய்ந்து ஃபில்டர் துளையெல்லாம் அடைத்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், கரைந்து இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. மாற்று ஃபில்டர் இல்லை. கலந்தாச்சு. நாலு இழுப்புதானே என்று முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன்.

முப்பத்து மூன்று வருஷம் பிறத்தியாருக்குப் பாடம் எடுத்தவன்.

அடிக்கும்போது ஒன்றுமில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி. அப்புறம் ஆம்புலன்ஸ்.

டாக்டர் கேட்டார், மாஸ்க் போட்டீர்களா என்று. கட்டிலின் இந்தப் பக்கம் லக்ஷ்மி நின்றிருந்தாள். நெற்றியில் அன்றைக்குக் காலை இட்ட குங்குமம் கலைந்திருந்தது. “மறந்துட்டேன்” என்றேன்.

வேறென்ன சொல்வது? அவள் சாமிக்கு வைத்த சந்தனம். நான் அதற்குமுன் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் கலந்தது நான்தான். ஆனால் அவள் அப்படிக் கணக்குப் போடமாட்டாள். தன்னால்தான் என்று ஒருமுறை மனதில் விழுந்தால் அவ்வளவுதான், மீளமாட்டாள். முகமூடியை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தெருக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

அவள் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஊரெல்லாம் போன். அனுவிடம், மன்னியிடம், லேக் கார்டன்ஸ் சித்தியிடம். “அத்தனை பெரிய மாஸ்க்கை வாங்கி வெச்சுண்டு, போட்டுக்க மறந்துட்டாராம். கேட்டேளா அநியாயத்தை.” திட்டட்டும். திட்டு வாங்கினால் மாத்திரை இறங்குகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காளி பூஜைப் பட்டாசுப் புகை. ஜன்னலெல்லாம் சாத்தி, ஈரத் துணி அடைத்து, படுக்கையறையில் உட்கார்ந்திருக்கிறேன். கங்கா ஸ்நானம் கதவுக்குப் பின்னால் முடிந்தது.

நவம்பர் 8, சனி

பெரிய டாக்டரைப் பார்த்தோம். குழாயில் ஊதச் சொன்னார், ஊதினேன், இன்னும் என்றார். இன்னும் இல்லை.

அந்த ஹார்டனருக்கு உடம்பு பகையாகிவிட்டதாம். இனி ஒரு மணம் பட்டாலும் மறுபடி மூச்சை அடைக்கும். பெயின்ட், தின்னர், வெல்டிங் புகை எதற்கும் பக்கத்தில் போகக்கூடாது. மலை ஏறலாமா என்றேன். அவர் லக்ஷ்மியைப் பார்த்துப் பதில் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் அம்மா என்று.

அப்போ டூவார்ஸ் இல்லை. ஜீப்பும் இல்லை. கராஜ் கதவைத் திறந்தாலே நெஞ்சு சாத்திக்கொள்கிறது. அது மனசா, நுரையீரலா தெரியவில்லை. எது என்றால் என்ன, எனக்கு மூச்சு வரவில்லை.

லக்ஷ்மி வீட்டுக்கு வந்து சமையலறையில் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்கக்கூடாதென்று.

நவம்பர் 16, ஞாயிறு

லேக் மார்க்கெட். அப்பளம், காபிப்பொடி. கடை வைத்திருக்கும் கிரீஷுக்கு எங்களைத் தன் சின்ன வயதிலிருந்தே தெரியும். லக்ஷ்மி கடை முழுக்க இருக்கிற மாமிகளுக்கு நடித்தே காட்டினாள், இவர் எப்படி மாஸ்க்கை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார் என்று. ஆணியில் தொங்கியதை அவள் எங்கே பார்த்தாள்? கிரீஷ், “ரயில்வேல சேஃப்டி நீங்கதானே மாமா பாத்துண்டிருந்தேள்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இது தைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நுரையீரல் போனதுகூட இத்தனை வலிக்கவில்லை. வேலையில் நான் ஒரு நாளும் எதையும் மறந்தவன் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

யார்டுக்குள் போகக்கூடாது, ஆபீஸ் நாற்காலி. சேஃப்டி மீட்டிங்கில் என்னை உதாரணமாகச் சொன்னார்கள். பேர் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அனு லீவுக்கு வந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு. மாடியிலிருந்து இறங்கி வந்ததற்கே எனக்கு இளைப்பு. மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பை மாடியிலேயே விட்டுவிட்டேன். லக்ஷ்மி ஏறிப் போய் எடுத்து வந்து, தட்டுப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். அனுவைப் பார்த்துச் சொன்னாள்: “உங்கப்பா எதைத்தான் மறக்கலை? மறக்காம இருந்திருந்தா நான் இப்போ மூட்டை கட்டிண்டிருப்பேன் டூவார்ஸ் போக. என் வாழ்க்கைல ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.”

“மறக்கலைடி” என்றேன். “போட்டுண்டுதான் நின்னேன். நீ அப்பின சந்தனம்தான் அடைச்சிண்டுது.”

முழுசாகச் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கி, ஒன்று விடாமல். நிறுத்தியிருக்கலாம். நடுவில் அனு, “அப்பா, போதும்” என்றாள். நிறுத்தவில்லை. சொல்லும்போது சுகமாக இருந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று மாசமாக முட்டாள் பட்டம் சுமந்தவனுக்கு இறக்கி வைத்த சுகம்.

லக்ஷ்மி கையிலிருந்த கரண்டியை ரசத்துக்குள்ளேயே விட்டாள். “சந்தனமா?” என்றாள்.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போது, “ஏன் அன்னிக்கே சொல்லலை?” என்றாள்.

உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் என்றேன். தலையை ஆட்டினாள். அந்தக் கஷ்டத்தை நேற்று நானே கொண்டு வந்து கொட்டிவிட்டேனே, அப்புறம் அதற்கு என்ன அர்த்தம்? அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 3, சனி

அனு கிளம்பிவிட்டாள். வாசலில் என்னிடம், “அம்மாவ பாத்துக்கோப்பா” என்றாள். வழக்கமாக லக்ஷ்மியிடம்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினாள். சந்தனக் கிண்ணத்தை எடுக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேடையில் வைத்துவிட்டாள், தொடவில்லை.

ஜனவரி 22, வியாழன்

ஈரத் துண்டைப் படுக்கை மேல் போட்டேன். வேண்டுமென்றேதான். முன்பென்றால் ஒரு மணி நேரப் பாட்டு. எடுத்துக் கொண்டுபோய்க் கொடியில் உலர்த்தினாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஜீப் போயிற்று. கல்யாணி என்கிற ஊரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார். நான் ஜன்னல் சாத்தி உள்ளே இருந்தேன். லக்ஷ்மிதான் சாவி கொடுத்தாள். பின்தளத்தைத் தட்டிப் பார்த்து, யார் அடித்தது, இத்தனை நேர்த்தியாக இருக்கிறதே, ஒரு கொப்புளம்கூட இல்லையே என்று கேட்டாராம். வீட்டுக்காரர்தான் என்றாளாம். இதை என்னிடம் வந்து மெதுவாக, நல்ல சேதி சொல்வது மாதிரி சொன்னாள்.

பிப்ரவரி 28, சனி

ரிடையர்மென்ட். சால்வை, சந்தேஷ் இனிப்பு, நாலு வார்த்தை. மேடைக்கு மூன்று படி, லக்ஷ்மி கை கொடுத்தாள்.

மார்ச் 1, ஞாயிறு

லேக் மார்க்கெட் போனோம். வேறு எங்கும் போவதற்கில்லை.

கிரீஷ் தூரத்திலேயே பார்த்துவிட்டு, “வாங்கோ மாஸ்க் மாமா” என்றான். இப்போதெல்லாம் அதுதான் பேர். நான் சிரிக்க ஆரம்பித்தேன். லக்ஷ்மி பையைக் கீழே வைத்தாள்.

“அப்படிக் கூப்பிடாதே கிரீஷ். மாமா மறக்கலை. நான்தான் பூஜைல சந்தனத்தை வெச்சு அதை அடைச்சுட்டேன்.”

கடையில் மூன்று மாமிகள் இருந்தார்கள். கிரீஷ் தராசைப் பார்த்தான். நான் அவசரமாக, அவள் சும்மா சொல்கிறாள், மறந்தது நான்தான், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றேன். அவள் சொன்ன அதே ஆணி.

“வேண்டாம்னா” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். “இனிமே எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

காபிப்பொடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பம்ப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், இந்தத் தடவை உண்மையாகவே மறந்துபோய். ரோட்டில் நின்று சட்டைப் பையைத் தடவினதைப் பார்த்துவிட்டாள். தடி முட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நடு ரோட்டில், எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கைப்பையைத் திறந்து இன்னொரு பம்ப்பை எடுத்துக் கொடுத்தாள். எப்போதிலிருந்து இரண்டாவதாக ஒன்று வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. நான் இழுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் என் நடைக்கே நடந்து வந்தாள்.