குச்சிக்கிழங்கு விரதம்

இன்று காலை மாடியில் குடியிருப்பவர்கள் குச்சிக்கிழங்கு வேகவைத்தார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு மரவள்ளி வேகும் அந்த வாசனை படியிறங்கி என் அறைக்குள் வந்ததும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். "அம்மணி, வெந்துருச்சா?" என்று கேட்க அதில் நீங்கள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். "உங்களுக்குச் சக்கரைன்னு தெரியுமுங்க. ஆனா கெழங்குதானுங்களே, சோறா என்ன?" என்றாள்.

உங்களுக்கு இருந்த சர்க்கரை இப்போது எனக்கும். அவள் சொன்னது அப்படியே உங்கள் வார்த்தை. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அது தொண்ணூறுகளின் நடுவில். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவதென்று கிளம்பினீர்கள். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று நான் சொன்னது எடுபடவில்லை. உடுமலைப்பேட்டை தாண்டும்போது வலது பெருவிரலில் கொப்புளம். "வலியே தெரியல, முருகன் பாத்துக்கிட்டான்" என்று பெருமையோடு திரும்பி வந்தீர்கள். வலி தெரியாததுதான் கவலை என்றார் டாக்டர். "புண்ணு ஆறலைன்னா வெரல எடுக்க வேண்டி வருமுங்க. மொதல்ல சோத்தக் கொறைங்க."

குறைப்பது உங்கள் சுபாவம் இல்லையே. புண் ஆறும்வரை அரிசியையே தொடுவதில்லை என்று முருகனிடம் நேர்ந்துகொண்டீர்கள். சோறு, இட்லி, தோசை எல்லாம் போயிற்று. காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் குச்சிக்கிழங்கு, இரவில் ஜவ்வரிசி உப்புமா. "கெழங்குதான, சோறா என்ன? சாமிக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி அப்போது நம் வீட்டில் இல்லை. பெனடிக்ட் கரைசலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சிறுநீரைச் சொட்டு எண்ணி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நான் படித்த கான்வென்ட் சோதனைக்கூடத்தில் சிஸ்டர் பக்கத்தில் நிற்பதுபோலவே அதைச் செய்வேன். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போகச் சர்க்கரை அதிகம். கடைசி நிறம் செங்கல் சிவப்பு. அரிசியை விட்ட மனிதருக்குத் தினமும் செங்கல் சிவப்புதான் வந்தது.

"ஏனுங்க, பேக்கரிப் பக்கம் போனீங்களா?"

"நல்லாக் கேட்ட போ! கால் இருக்கற இருப்புக்கு நான் பேக்கரிக்கு ஓடறனாக்கும்!"

"குழாய் பொய் சொல்லாதுங்க."

"அப்ப எம்பட வாய்தான் பொய் சொல்லுதா?"

அன்று உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். கட்டுப் பிரிக்கும்போது புண்ணின் வாடை எழும். நான் முகம் சுளிக்கிறேனா என்று நீங்கள் என்னையே பார்ப்பீர்கள். சுளித்ததில்லை. ஆனால் புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது நம் இருவருக்கும் தெரிந்தது.

பிறகு ஒரு மழைநாள். கிழங்கு வண்டி வரவில்லை, ஜவ்வரிசி டப்பாவும் காலி. கொள்ளுப்பயறை வேகவைத்துக் கடைந்து, அவரைக்காய்ப் பொரியலும் மோரும் வைத்தேன். அன்று மாலை குழாயில் பச்சை. நம்பாமல் இன்னொரு முறை காய்ச்சினேன். அதே பச்சை. மறுநாள் வண்டி வந்தது, கிழங்கு வந்தது, செங்கலும் திரும்பி வந்தது.

நாம் சோற்றை விட்டோம், மாவை விடவில்லை. கிழங்கு முழுக்க மாவுச்சத்து, சோற்றைப் போலவே அதுவும் உடம்பில் சர்க்கரையாகும். ஜவ்வரிசியோ அந்தக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, நார்ச்சத்தையெல்லாம் தள்ளிவிட்டுச் செய்த வெறும் மாவு. புண் ஆறும்வரை விரதம். இந்த விரதம் இப்படி நடக்கும்வரை புண் ஆறாது. இதை நேர்ந்துகொண்டவரிடம் எப்படிச் சொல்வது?

"ஏனுங்க, அரிசி தொடறதில்லைன்னுதானுங்க நேந்துக்கிட்டீங்க. கெழங்குதான் திங்கோணும்னு சாமி கேக்கலீங்களே?"

"கான்வென்ட்டுல படிச்சவ, இப்பச் சாமிகிட்டயே வக்கீல் நோட்டீஸ் குடுக்கறா" என்றீர்கள். பிறகு மெதுவாக, "கொள்ளே வையி. பேக்கரிக்குப் போகலீன்னு இப்பவாச்சும் நம்புறயா?" என்று கேட்டீர்கள்.

"நம்பறேனுங்க."

டாக்டரிடம் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் சோத்தப் பத்தியேதான கேட்டுட்டிருந்தேன்!" மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்.

கொள்ளும் பாசிப்பயறும் கீரையுமாக விரதம் தொடர்ந்தது. புண்ணின் ஓரத்தில் கறுப்பு போய்ப் புதுத் தசை சிவந்தது, புண் சுருங்கியது. ஒரு மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நீங்களே குழாயைக் காய்ச்சி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். "அம்மணி, இங்க வந்து பாரு! உம்பட சேலை நெறம்!" நான் கட்டியிருந்தது நீலச் சேலை. என் முந்தானையைக் குழாயோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். துளி வித்தியாசம் இல்லை.

விரல் தப்பியது. அந்தக் காலோடு இன்னும் பல வருஷம் என்னோடு நடந்தீர்கள். குச்சிக்கிழங்கையும் நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. எப்போதாவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, கொள்ளுப் பருப்போடு, அன்று வேறு மாவுப் பண்டம் கிடையாது. அதையும் இரண்டாக ஒடித்துப் பெரிய பாதியை என் தட்டில் வைப்பீர்கள்.

மாடிவீட்டுப் பெண்ணை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க மாமனாருக்கும் தெனம் ஜவ்வரிசிக் கஞ்சிதானுங்க குடுக்கறோம்" என்று எழுந்து ஓடினாள். கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். பழக்கத்தில் சின்ன பாதியைத்தான் தின்றேன்.

நீங்கள் போன பிறகு, உங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் எனக்கு வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். நான் உள்ளே போய் அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். படித்த திமிர் என்றார்கள். இன்றும் கட்டியிருப்பது அந்தச் சேலைதான்.