சான்றுக்குப் பத்துப் புள்ளி

முரசுமோட்டை
02.05.2004

அன்பின் றிஸ்பா,

வெயில் கொளுத்துகிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். வவுனியாவுக்குச் சாமான் ஏற்றுகிற நவ்பர் நானாவின் லொறியில் என் கட்டுரையை அனுப்பியிருக்கிறேன். நாம் பக்கத்து வீடுகளில் வளர்ந்த முல்லைத்தீவில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதுதான் தலைப்பு. இணையத்தைக் கண்ணாலும் காணாமல் இணையத்தில் சரித்திரம் படிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ வவுனியாவில் தட்டச்சு செய்து ஏற்றாவிட்டால் என் படிப்பு அம்போதான். வருகிற ஞாயிறு தாண்டினால் நாளுக்குப் பத்து வீதம் புள்ளி வெட்டுவார்கள், மறந்துவிடாதே. இதில் சித்தியடைந்தால்தான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை என்ற பெயர் போய் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு நித்திரையே இல்லை.

உன் சுதா

வவுனியா
16.05.2004

என் சுதாவுக்கு,

நேரத்துக்கே ஏற்றிவிட்டேன். வாராந்தக் கலந்துரையாடலுக்கும் வினாவிடைக்கும் நல்ல புள்ளி. கட்டுரையில்தான் சிக்கல். அதில் சான்றுக்குரிய பத்துப் புள்ளியைச் சக மாணவர் ஒருவர் போடவேண்டும். நானும் அதே பாடம் படிப்பதால் உன்னுடையது என்னிடம் வந்தது. நான் பூச்சியம் போட்டேன். மொத்தம் நாற்பத்தைந்து, சித்தியடைய ஐம்பது வேண்டும்.

“1990இல் முஸ்லிம் மக்கள் இடம்பெயர்ந்தனர்” என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் என்ன, பெருநாளுக்கா புறப்பட்டுப் போனோம்? ஆயுதத்தோடு வந்த இயக்கம் எங்களைத் துரத்தியதை நீ கண்டாய்தானே? மாதக் கடைசிக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம்.

றிஸ்பா

முரசுமோட்டை
20.05.2004

றிஸ்பா,

நீயா? வேறு யாரும் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இருக்கிற இடம் அதே இயக்கத்தின் கையில் என்று உனக்குத் தெரியாதா? அம்மாவிடம் கேட்டேன். “சும்மா கிடக்கிறதைக் கிளறாத பிள்ளை, நாங்கள் இங்க சீவிக்கவேணும்” என்றா. தட்டச்சு செய்வது நீதானே, உனக்குப் பிடித்த வசனத்தைப் போட்டுவிடு. என்னை எழுதச் சொல்லாதே.

சுதா

வவுனியா
23.05.2004

சுதா,

எனக்கு அது ஒரு நிமிட வேலை. ஆனால் பதினான்கு வருடமாக நாங்களே சொல்லி நாங்களே கேட்கிற கதை அது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன், அவ்வளவுதான். கட்டுரையில் பதிவிலக்கம்தான் இருக்கும், உன் பெயர் வராது. உன் மேல் கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

றிஸ்பா

முரசுமோட்டை
27.05.2004

றிஸ்பா,

இருந்தாலும் நடந்தாலும் உன் கடிதம்தான் தலைக்குள் ஓடுகிறது. இதைப் போடு:

“1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் துப்பாக்கியைக் காட்டி வெளியேற்றப்பட்டார்கள். உடுத்த உடுப்போடு போனார்கள். நேரில் கண்ட சாட்சி: சுதாஜினி ஏரம்பு, முரசுமோட்டை.”

பெயரும் ஊரும் இல்லாத சாட்சிக்குப் புள்ளி இல்லை என்பது பாட விதி. அதனால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

சுதா

வவுனியா
06.06.2004

என் உயிர்ச் சுதா,

உன் வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து நெற் கபே இணையக் கடையிலேயே அழுதேன். “என்ன தங்கச்சி, பெயிலா?” என்று கடிதத்தோடு வந்து நின்ற நவ்பர் நானா பதறிவிட்டார்.

எல்லாவற்றையும் நீ எழுதியபடியே அடித்தேன். உன் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கத்தை யாரும், இயக்கமும்கூட, திறந்து பார்க்கலாம், சுதா. “நேரில் கண்ட ஒருவர்” என்று மாற்றி ஏற்றினேன். இந்தமுறை திருத்தியவர் விரிவுரையாளர். விதியை விட்டு அவர் அசையவில்லை. அதே நாற்பத்தைந்துதான். நீ பெயில்.

உன்னைக் கேட்காமல் செய்தேன், ஆசைதீரத் திட்டு. அடுத்த தவணைக்கு உன்னைப் பதிந்துவிட்டேன். பாடத்தை மறுபடி படிக்கலாம். அதற்கு நீ இருக்கவேண்டும்.

உன் றிஸ்பா