தொப்பையின் கீழ் இழுப்பறை

ஜூலை 6, ஞாயிறு

இன்றைய சாதனை: அப்பா முதுகில் ஸ்டிக்கர். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மகளாகப் பிறந்ததில் உள்ள ஒரே லாபம், "பழுது. படியைப் பயன்படுத்தவும்" என்று அச்சடித்த ஸ்டிக்கர் கட்டுக்கட்டாகக் கிடைப்பதுதான். அதை முதுகில் சுமந்தபடி மனுஷன் கடைக்குப் போய், பேப்பர் வாங்கி, மூன்று பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்தார். "இன்னைக்கு எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க" என்று சந்தோஷம் வேறு. சட்டையைக் கழற்றிய பிறகுதான், "ஏய் வாலு!"

அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் ஒரு தடவை வருவாள். வரும்போது என் மாதாந்திர சாமானையும் வாங்கி வருவாள். மிச்சம் மூன்று பேட் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரே பீரோ, அதுவும் அப்பாவோடு பங்கு. அதனால் மீன் தொட்டி ஸ்டாண்டின் கீழ் இழுப்பறையில், ஃபில்டர் பஞ்சுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். ரோஸ் கலர் பாக்கெட் ஊரைக் கூட்டும் என்று தூக்கிப் போட்டாயிற்று. தனித்தனி உறையையும் பிரித்துவிட்டேன். பாத்ரூமில் அதைக் கிழித்தால் சரக்கென்று சத்தம் ஹாலுக்குக் கேட்கும். இப்போது வெள்ளை வெளேரென்று ஒரு பாலித்தீன் பையில். என் மூளையே மூளை.

போனில் அம்மா: "அப்பாகிட்ட சொன்னா என்னடி? அவர் என்ன வேற்று கிரகமா?"

வேற்று கிரகமா இருந்தா பரவாயில்லையே. பக்கத்து ரூம்ல இருக்காரே!

தொப்பை நலம். என் தங்கமீன். ஒரு வயிறு, அதில் மாட்டிய இரண்டு கண். என்னைத் தவிர யார் கிட்டே வந்தாலும் திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டும். வளர்ப்பு அப்படி.

ஜூலை 7, திங்கள்

பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் ரேடியோவின் சாப்பாட்டுப் பையில் பிளாஸ்டிக் பல்லி. அலறல் ஆபீஸ் ரூம் வரை ஒலிபரப்பானது. பெயர் நான் வைத்ததுதான். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் மணிக்கொரு தரம் செய்தி வரும்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி எழுதி இந்த நோட்டை அசிங்கப்படுத்த விருப்பமில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் வந்துவிட்டது. நாலு நாள் முன்னாலேயே. இழுப்பறையைத் திறந்தால் பை காலி! மூணு இருந்துச்சே? எண்ணித்தானே வெச்சேன்? உதறிப் பார்த்தேன். ஒரு மீன் தீவன உருண்டை விழுந்தது. ரொம்ப உபயோகம்.

இரண்டு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மூன்றாவது பீரியட் வரை தாங்கியது. அப்புறம் தாங்கவில்லை. வெளிர்நீலத்தில் சீருடைப் பாவாடை வைத்த புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

ரேடியோவிடம் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? எல்லாரையும் சிரிக்கவைக்கிறவள் நான். என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் எங்கே போவேன்? கடைசி மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"வரலையாடி?" ரேடியோதான்.

"தவம் பண்றேன். போ."

எல்லாரும் போன பிறகு பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, சுவரை ஒட்டிப் பின்பக்கமாகவே நடந்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "ஏம்மா ரிவர்ஸ்ல போற?"

"கியர் மாட்டிக்கிச்சு அண்ணே."

வீட்டுக்கு வந்து பாவாடையைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். அழலை. சாட்சிக்கு எழுதி வைக்கிறேன் — அழலை.

அப்புறம் மூன்று தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் பாக்கெட் வாங்கினேன். முகம் தெரியாமல் இருக்க அப்பாவின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வண்டி கிடையாது. நடந்துதான்.

ஜூலை 10, வியாழன்

தொப்பை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குகிறது. ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்தார், பதக்கம் வாங்கிய முகத்தோடு.

"உனக்குப் பரீட்சையாச்சேன்னு செவ்வாய்க்கிழமை நானே ஃபில்டரைக் கழுவிட்டேன். பழைய பஞ்சு நைஞ்சு போச்சு. உள்ள ஒரு பையில புது மாடல் வெச்சிருந்தியே, பிரமாதம்! பின்னாடியே பசை. ரெண்டு பக்கமும் ரெக்கை வேற. மடிச்சு ஒட்டினா ஆடவே ஆடல. மூணையும் அடுக்கிட்டேன்."

ஃபில்டரை எட்டிப் பார்த்தேன். அதே மூணு.

"எங்க வாங்கின? எண்ணெய் கசியற இடத்துக்குக்கூட வைக்கலாம் போலயே. நாளைக்கு ஒண்ணை எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டணும்."

என் வாழ்க்கையின் மகத்தான குறும்பு. நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாளைக்கு எட்டு மெக்கானிக்குகள் நடுவில் அப்பா ரெக்கையை விரித்து விளக்கம் கொடுப்பார். சிரிப்பு வரணுமே? ஏன் வரலை?

"நல்ல பஞ்சுப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோழை. விடிந்ததும் அவர் எழுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார்.

"வாலு! ஓடி வா! தொப்பை முட்டை போட்டிருக்கு!"

பஞ்சு ஊறித் தலையணையாகி வெடித்து, உள்ளே இருந்த ஜெல் தொட்டி முழுக்க மிதக்கிறது, பளபளவென்று மணி மணியாக. ஃபில்டரில் தண்ணீர் போகவே வழியில்லை. தொப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

"தண்ணிய மாத்தணும்பா. இப்பவே."

"கை வைக்காதே! குஞ்சு செத்துடும்."

"அது முட்டை இல்ல."

"பின்ன?"

தொப்பையின் செவுள் ஒரு தடவை அசைந்தது. அடுத்தது வர ரொம்ப நேரமாயிற்று.

"பஞ்சுக்குள்ள இருக்கிறது. அது மீனுக்கு வாங்கினது இல்லப்பா. எனக்கு. மாசா மாசம் — அதுக்கு."

அப்பா தொட்டியைப் பார்த்தார். ஃபில்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கட்டும் என்று நின்றேன். அவர் முதுகில் நான் ஒட்டியதற்கு இது அவர் முறை.

"மூணையும் நான் எடுத்துட்டேன்... அப்போ உனக்கு?"

"புதன்கிழமை ரிவர்ஸ்ல வந்தேன்."

அப்பா பாத்ரூமுக்கு ஓடினார். பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிவந்தார். தொப்பையைக் கிண்ணத்துக்கு மாற்றி, டீ வடிகட்டியால் அந்த மணிகளை அள்ளி அள்ளி எடுத்தோம். பாதியில் கையை நிறுத்தினார்.

"இதை ஆபீஸ்ல காட்ட இருந்தேனே..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும். சிரித்துச் சிரித்து வயிற்று வலி இரண்டு மடங்காயிற்று.

ஜூலை 12, சனி

தொப்பை நேராக நீந்துகிறது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டியது. நியாயம்தான்.

அப்பா கடைக்குப் போய் வந்தார். மேசையில் ஆறு பாக்கெட், ஆறு தினுசு, ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி வரிசையாக. "நீளம் போட்டிருக்கான், தடிமன் போட்டிருக்கான், எவ்வளவு கசிவு தாங்கும்னு மட்டும் போடல. அதான் எல்லாத்துலயும் ஒண்ணு." கடைக்காரர் கறுப்புக் கவர் நீட்டினாராம். கையில பை இருக்கே, எதுக்குன்னு இவர் கேட்டாராம்.

மானம் போச்சு. பாதிதான் போச்சு.

ஜூலை 14, திங்கள்

ரேடியோவிடம் முட்டை வரை எல்லாம் சொன்னேன். பெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பென்சில் பாக்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். "எப்பவும் வெச்சிருப்பேன். கேட்டா குடுக்க மாட்டேனா, லூசு?"

சாயங்காலம் வரை எந்தச் செய்தியும் ஒலிபரப்பாகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் நாள். இடுப்பு கழன்று விழுகிற வலி. லீவு. வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினேன்.

எழுந்து வந்தால் என் அறைக்கதவில், கொஞ்சம் கோணலாக, ஒரு ஸ்டிக்கர்:

"பராமரிப்பில் உள்ளது. அழுத்த வேண்டாம்."

அதன் கீழே பேனாவில், அப்பாவின் கோழிக்கிறுக்கல்: "ரெக்கை வெச்சது மேல் இழுப்பறையில். கீழ் இழுப்பறை தொப்பைக்கு மட்டும்."