சாமந்தி மாலை போட்ட கம்ப்யூட்டர்

என் செல்ல முரளி அண்ணாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. இந்த தசராவுக்கு உன் பழைய கம்ப்யூட்டரையும் உன்னிடமே அனுப்பப் பார்த்தான் சீனு. நம் சித்தப்பா மகன்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நீ செய்வதையெல்லாம் பார்ப்பானே, அந்த மகாமேதை.

உன் நினைவாக ஏதாவது செய்ய வேண்டுமாம் அவனுக்கு. ஆயுத பூஜையன்று சரஸ்வதிபுரம் வீட்டுக்கு வந்து, அந்தக் கிழட்டு பிராசஸரின் வேகத்தை ஒரே தாவலில் ஏற்றினான். போதாதென்று வோல்டேஜையும் ஏற்றினான். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே நீ படிப்படியாக ஏற்றுவாய். ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் முழு வேலை வாங்கி, சூட்டைப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவாய். அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் செய்வதாம். இவனை யார் கேட்டார்கள்?

பிறகு பெட்டியின் முகப்பில், காற்று உள்ளே போகும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு, கனமாக ஒரு சாமந்தி மாலை. பூஜையன்று ஊரே தன் கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கும். இவனோ, வந்தவர்கள் திரையில் அந்த வேகத்தைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்று அதை ஓடவிட்டான். நாங்கள் சுண்டல் சாப்பிட்டு முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. மறுபடி எழவே இல்லை.

பெட்டியை இரண்டு தட்டு தட்டிவிட்டு அண்ணியிடம் தீர்ப்புச் சொன்னான்: "ஹோய்த்து அண்ணி, போயே போச்சு. பழசுதானே, புதுசு வாங்கிடுங்க."

அண்ணி கல்யாண ஆல்பம் வடிவமைத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். மூன்று ஆல்பம் பாதியில் நின்றன. அவன் இன்னொரு கிண்ணம் சுண்டல் கேட்டான்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணா. இந்த மேதாவிக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாய். அதே கம்ப்யூட்டரில் நாள் முழுக்க உழைத்த உன் மனைவி, நீ மூடியைக் கழற்றும்போது கிட்டே வந்தால், தொடாதே, உனக்குப் புரியாது என்றாய். நானும் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். என்ன புத்தி அது?

சீனு போனதும் அண்ணி மாலையை எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றி, உள்ளே காசு மாதிரி இருக்கும் பேட்டரியை எடுத்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டாள். சீனு ஏற்றியதெல்லாம் அழிந்து, கம்பெனி வைத்த வேகத்தில் கம்ப்யூட்டர் எழுந்தது. ஆறு வருஷம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உன் முதுகுக்குப் பின்னால் நின்றாளே, சும்மாவா நின்றாள்?

ஆல்பங்களை முதலில் வேறு டிஸ்கில் எடுத்து வைத்தாள். தூசி தட்டினாள், பிராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்டை மாற்றினாள். பிறகு இரண்டு நாள், உன்னைப் போலவே படிப்படியாக ஏற்றினாள். வோல்டேஜைத் தொடவில்லை. உன் அளவுக்கு ஒரு படி முன்னால் நிறுத்திவிட்டாள். இன்னும் ஒன்றுதானே, அண்ணா வைத்த இடத்துக்கே போகலாமே என்றேன்.

"அவரு வெச்சது அவரு பெருமைக்கு," என்றாள். "எனக்கு வேலை நடந்தா போதும்."

மூன்று ஆல்பமும் கல்யாண வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எல்லாம் தன் பூஜையின் பலன் என்று சீனு சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

இனி அவன் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டான். அதற்கு நான் பொறுப்பு. இன்னொன்றும் செய்யப் போகிறேன். புரியாது என்று நீ சொன்னதற்கு, உன் பேரில் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்பேன். சிரித்ததற்கு, என் பேரிலும்.

உன்னைத் திட்ட இன்னும் உரிமையுள்ள தங்கை,
கீதா